கழற்றக்கூடிய கடல்

கிராபிக்ஸ் கார்டுக்குச் சந்தனம் பூசிவிட்டு, அது வேலை செய்யவில்லை என்று கடைக்காரரிடம் போய்ச் சண்டை பிடித்தவன் நான். சந்தனம் பூசியதையாவது பக்தி என்று விட்டுவிடலாம். பூசிய இடத்தை அப்படி விட முடியாது. நான் நூலகத்தில் வேலை செய்கிறவன். கணினியின் வயிற்றுக்குள் எது எங்கே இருக்கிறது என்று வாசித்து வைத்துக்கொண்டு, பேப்பர் பார்க்க வருகிறவர்களையும் மறித்து விளக்கம் சொல்கிறவன். அப்படிப்பட்டவன், அந்தக் கார்டில் எந்த இடத்தை மட்டும் தொடவே கூடாதோ அந்த இடத்தைத் தேடிப் பிடித்துப் பூசினேன்.

கார்ட் வாங்க வேண்டி வந்தது என் மச்சானால். மனைவியின் தமையன், வடமராட்சிக் கரையில் பிறந்து படகோட்டியே தலை நரைத்தவர். அவருக்கு நெஞ்சு நோ வந்து, ஆசுபத்திரியில் இரத்தக் குழாய்க்குள் சின்னக் குழாய் ஒன்றை வைத்து அனுப்பினார்கள். அடுத்த கிளினிக்கில் பார்த்துச் சொல்லும்வரை கடல் பக்கமே போகக்கூடாது, வலை இழுத்தால் இதயம் தாங்காது என்பது டொக்டரின் கட்டளை. ஆனால் அவருடைய வீட்டில் பின் படலையைத் திறந்தால் கடல்தான் நிற்கும். ஆகவே அவருடைய மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், அவரை ஒரு வாடகை வான் வண்டியில் ஏற்றி, மாத்திரைப் பெட்டியோடும் சாரங்கள் அடைத்த பையோடும் சண்டிலிப்பாய்க்குக் கொண்டுவந்து எங்கள் முற்றத்தில் இறக்கினார்.

"தம்பி, இவரைக் கொஞ்ச நாளைக்கு வைச்சிருங்கோ. அங்கை எண்டால் காலமை எழும்பின உடனை கடல் கூப்பிடும். இஞ்சை கூப்பிடுறதுக்கு ஒண்டும் இல்லைத்தானே."

எங்கள் ஊரைப் பற்றி அக்கா சொன்னதில் பிழை எதுவும் இல்லை. புகையிலை, கத்தரி, வெங்காயம், கிணறு. இவற்றில் எதுவும் ஒருவரையும் கூப்பிட்டதாக வரலாறு கிடையாது.

வான் திரும்பிப் போன பிறகு என் மனைவி என்னைக் குசினிக்குள் கூப்பிட்டாள்.

"இஞ்சாருங்கோ. அண்ணை கடலுக்குப் போய் ஏதும் நடந்துதெண்டால் நான் ஆரையும் கேக்கமாட்டன். உங்களைத்தான் கேப்பன்."

மச்சான் முதல் நாள் ஊரைச் சுற்றிப் பார்த்தார். எங்கள் கிணற்றுக் கட்டில் கையை ஊன்றிக் குனிந்து நெடுநேரம் நின்றார்.

"மச்சான், பாவமடாப்பா உந்தத் தண்ணி. மறியல் வீட்டிலை பூட்டிப் போட்ட மாதிரிக் கிடக்குது."

அடுத்த நாள் காலையில் அவரைக் காணவில்லை. பஸ் தரிப்பில், சாரப் பையோடு நின்றார்.

"எங்கை வெளிக்கிட்டியள்?"

"ஒரு இடமும் இல்லை. எங்கடை பக்கம் போற பருத்தித்துறைப் பஸ் நேரத்துக்கு வருதோ எண்டு பாத்தனான்."

"அதுக்கு ஏன் பை?"

"வெறுங்கையோடை நிண்டால் பஸ் நிப்பாட்டமாட்டாங்கள்."

கெஞ்சித்தான் கூட்டி வந்தேன். இந்த மனிதரை வீட்டுக்குள் வைத்திருக்க என்னிடம் இருந்தது ஒரே ஒரு கருவி. அதைச் சொல்ல எனக்கு வெட்கம். என் வயதில் மற்றவர்கள் கோயில் பரிபாலன சபையில் சேர்ந்து கௌரவமாகச் சண்டை பிடிக்கிறார்கள். நான் வேலை முடிந்து வந்து, முன்னறையில் கணினியைத் திறந்துவைத்து, பனி கொட்டுகிற தேசங்களில் லொறி ஓட்டுகிறேன். பாரம் ஏற்றி, சிக்னல் போட்டு, வளைவுகளில் வேகத்தைக் குறைத்து, யாருமே கேட்காத சாமான்களை யாருமே இல்லாத ஊர்களில் கொண்டுபோய் இறக்குகிறேன். மனைவி இதை வெளியில் சொல்வதில்லை. "எழுதிக்கொண்டிருக்கிறார்" என்பாள்.

லொறிக்குப் பதிலாகப் படகு ஓட்டுகிற விளையாட்டொன்றும் என்னிடம் இருந்தது. அன்றைக்குப் பின்னேரம் அதைப் போட்டு மச்சானைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"உதென்ன?"

"கடல், மச்சான்."

"எங்கை?"

"உதிலை, நீலமாய்க் கிடக்குதே."

"ஓ. நான் ஆரோ வீட்டுக்குச் சீமெந்து நிலம் போட்டிருக்கினம் எண்டு நினைச்சன்."

அவரில் பிழையில்லை. என் கணினியில் படம் வரைவதற்கென்று தனி உறுப்பு இருக்கவில்லை. கணக்குப் பார்க்கிற அதே சிப்பின் ஒரு மூலையில், படம் வரைகிற வேலையும் ஒட்டுக்குடித்தனம் இருந்தது. கடிதம் எழுதவும் படம் பார்க்கவும் அது தாராளமாகப் போதும். கடலைக் கீறு, அதாவது வரைந்து காட்டு, என்றால் மூச்சு வாங்கும். அலை எழும்ப வெளிக்கிட்டு, நடுவில் நின்று, யோசித்து, பிறகு விழுந்தது. மச்சான் அதைக் கவனமாகப் பார்த்துவிட்டுத் தன் நெஞ்சில் கை வைத்தார்.

"உவருக்கும் எனக்கு வந்த வருத்தம்தான். உவருக்கும் ஒரு குழாய் வைக்கவேணும்."

அதைச் சொல்லிவிட்டுப் போய்ப் பையில் சாரங்களை அடுக்கத் தொடங்கினார். எனக்கோ அந்த நிமிடம் புத்தி திறந்தது. வைத்தியம் பார்த்தால் ஆள் தங்குவார். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு சுன்னாகத்துக்குப் போனேன்.

சந்தைக்குப் பக்கத்தில் இருக்கிறது அந்தக் கணினிக் கடை. எந்தப் பெட்டியைத் திறந்தாலும் உள்ளே கொஞ்சம் வெங்காய வாசம் இருக்கும். கடைக்காரர் முப்பது வயதுக்காரர். குரல் மட்டும் ஒலிபெருக்கி இல்லாமலே கூட்டம் நடத்தக்கூடியது. கிராபிக்ஸ் கார்ட் வேண்டும் என்றதும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஐயா, நான் உதை விக்கிறவன். நானே சொல்லுறன், இனி உதை வாங்கிறவன் விசரன்."

"ஏன்?"

"முந்திச் சத்தத்துக்கு எண்டு தனிக் கார்ட் வித்தனாங்கள். ஞாபகம் இருக்கே? இப்ப ஆராவது வந்து கேக்கினமே? எல்லாம் உள்ளுக்கை போட்டுது. உதுவும் போகும். இப்ப வாற சிப்புகள் தாங்களே வடிவாய்க் கீறுது. கையிலை வைச்சு விளையாடுற பெட்டியளிலை தனிக் கார்ட் எங்கை இருக்கு? ஒண்டுமில்லை. அடுத்தது அதுவும் தேவையில்லை. எங்கையோ வெளிநாட்டிலை ஒரு பெரிய கொம்பியூட்டர் இருந்து கீறி, வயரிலை அனுப்பும். உங்கடை வீட்டிலை ஒரு திரை இருந்தால் காணும்."

"வெளிநாட்டிலை இருந்து கடல் வாறதெண்டால், நான் சுக்கானைத் திருப்பினால் படகு எப்ப திரும்பும்?"

"கொஞ்சம் யோசிச்சுத் திரும்பும்."

"யோசிக்கிறதுக்கிடையிலை தண்ணிக்குள்ளை கிடக்கிற கல்லுப் பாரிலை ஏறியிடும்."

"கற்பனைப் பார்தானே ஐயா."

"சரி, கரண்ட் நிண்டால்?"

"கார்ட் இருந்தாலும் கரண்ட் நிண்டால் நிண்டதுதானே!"

வாதத்தில் தோற்கும்போது நான் வழக்கமாகச் செய்வதையே செய்தேன். ஒரு சொற்பொழிவை ஆரம்பித்தேன்.

இந்தக் குடாநாடு கழற்றக்கூடிய சாமான்களால் உயிர் வாழ்ந்த இடம் என்றேன். தோட்டக்காரர் தண்ணீர் இறைக்கிற மெசினைக் கிணற்றடியிலேயே விட்டு வருவாரா? இறைத்து முடிந்ததும் கழற்றிச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வீட்டுக்குத்தான் வருவார். கடற்றொழிலாளி படகைக் கரையில் விடுவார், எஞ்சினை விடுவாரா? கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு வருவார். வீட்டில் பெண்சாதி பிள்ளைகளுக்கு அடுத்ததாக அதற்குத்தான் படுக்க இடம். ஒன்று பழுதானால் கழற்றித் திருத்துவோம், இல்லாதவனுக்கு இரவல் கொடுப்போம், அடுத்ததில் பூட்டுவோம். உள்ளுக்குள்ளேயே ஒட்டிப் பிறந்த சாமானை என்ன செய்வது? அது செத்தால் முழு வீட்டுக்கும் தீட்டுத் துடக்கு. இந்தக் கார்ட் கணினிக்குள் இருக்கிற இறைப்பு மெசின், அதற்கு எதிர்காலம் இல்லையென்றால் எங்களுக்கும் இல்லை என்று முடித்தேன்.

கடையில் வயர் வாங்க வந்து நின்றவர் தலையாட்டினார். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப வாங்கத்தான் போறியள்?"

"ஓம்."

"நல்லது. எதிர்காலத்தைப் பேந்து பாப்பம்." அலுமாரியைத் திறந்தார்.

பெட்டியைப் பிரித்தபோது எனக்கே கொஞ்சம் திகைப்பாகத்தான் இருந்தது. ஒரு பலகை என்று நினைத்துப் போனவனுக்கு, மூன்று விசிறி வைத்த செங்கல் ஒன்றைத் தந்தார். வர வர இவை பருத்துக்கொண்டே போகின்றன. கரண்டும் கூடக் குடிக்கின்றன, சூடும் கூட விடுகின்றன. கடைக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கலாம். அழிந்துபோகிற விலங்குகள் அழிவதற்குச் சற்று முன்புதான் மிகப் பெரிதாக இருந்தனவாம். இருக்கட்டும். ஆனையைக் கண்டால் அதன் எதிர்காலத்தைப் பற்றியா யோசிக்கிறோம்? நின்று பார்க்கிறோம் அல்லவா.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் மச்சான் அதை இரண்டு கையாலும் வாங்கிப் பாரம் பார்த்தார்.

"உது எஞ்சின்தானே?"

"ஒரு விதத்திலை எஞ்சின்தான்."

"அப்ப, எடுத்த எடுப்பிலை பூட்டுறதே? புது எஞ்சின் வந்தால் சந்தனம் வைச்சு, தேங்காய் உடைச்சுத்தானே போட்டிலை ஏத்துறது."

என் மனைவி பஞ்சாங்கம் பார்த்து இராகுகாலம் கழிந்த பிறகுதான் என்றாள். அடுத்த நாள் காலையில் சாமித்தட்டில் பட்டுத்துணி விரித்து, அதில் கார்டைக் கிடத்தினோம். இந்த இடத்தில் நான் தடுத்திருக்கலாம். தடுப்பதற்குப் பதிலாக இன்னொரு சொற்பொழிவு செய்தேன். கோயிலில் மூலவர் அசையமாட்டார், வீதி சுற்றி வந்து சனத்துக்குத் தரிசனம் கொடுப்பவர் எழுந்தருளிதான். அதேபோல உள்ளுக்குள் இருக்கிற சிப் மூலவர், இது எழுந்தருளி என்றேன். மனைவி, "வாயை மூடிக்கொண்டு சந்தனத்தை வையுங்கோ" என்றாள்.

வைப்பதற்கு இடம் பார்த்தேன். மேற்பக்கம் முழுக்க விசிறி. பின்பக்கம் கறுத்த தகடு, அதில் வைத்தால் எடுப்பாக இராது. கீழ் விளிம்பில் மட்டும், வரிசையாகத் தங்கம் பூசிய பற்கள் மினுங்கின.

"எங்கை வைக்கிறது?" என்று மச்சானைக் கேட்டேன்.

"முகத்திலை வையும்."

"முகம் எது?"

"எனக்கென்ன தெரியும்? நீர்தானே படிச்சனீர்."

படித்தவன் யோசித்தேன். தங்கம் இருக்கிற பக்கந்தானே முகம்! அந்தத் தங்கப் பற்களின் மேல் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை குளிரக் குளிரச் சந்தனத்தை இழுத்து, நடுவில் குங்குமமும் வைத்தேன். அந்தப் பற்கள்தான் கார்ட் கணினியைத் தொட்டுக் கதைக்கிற ஒரே இடம். இது எனக்குத் தெரியாத விஷயமும் அல்ல. தட்டு, சாம்பிராணி, பயபக்தி எல்லாம் சேர்ந்ததும் நான் படித்தவை மரியாதையாக வெளியில் போய் நின்றுவிட்டன.

மச்சான் படலையடியில் தேங்காய் உடைத்தார். கார்டைச் செருகி, மூடி பூட்டி, சுவிட்சை அமத்தினேன். கணினி ஒருமுறை கூவியது. திரை கறுப்பாகவே நின்றது. கழற்றிப் பூட்டினேன். கூவியது. மனைவி கற்பூரம் காட்டினாள். அதற்கும் கூவியது.

"தேங்காய் நல்லாத்தானே உடைஞ்சது," என்றார் மச்சான். பிறகு குரலை இறக்கினார். "பரவாயில்லை மச்சான். எனக்காக நீர் மெனக்கெட்டது காணும். நான் நாளைக்குக் காலமை வெளிக்கிடுறன். கரையிலை சும்மா இருப்பன். கடலிலை இறங்கமாட்டன்."

அதை அவர் சொன்ன விதத்திலேயே பொய் என்று தெரிந்தது. மனைவி அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

கார்டைத் துணியில் சுற்றிக்கொண்டு சுன்னாகத்துக்குப் பறந்தேன். கடை வாசலிலேயே தொடங்கிவிட்டேன். பழுதுச் சாமானைத் தலையில் கட்டுவதா, எதிர்காலம் இல்லையென்று சொல்லி விற்றது இதற்குத்தானா, இதை நம்பி ஒரு மனிதரின் உயிர் இருக்கிறது தெரியுமா என்று அடுக்கினேன். கடைக்காரர் துணியைப் பிரித்தார். மூக்கைச் சுளித்தார்.

"ஐயா, என்ன மணக்குது?"

"எனக்கொண்டும் மணக்கேல்லை. வெங்காயமாயிருக்கும்."

"வெங்காயம் எனக்குத் தெரியாதே? உது கோயில் மணம்." கார்டைத் திருப்பி விளிம்பைப் பார்த்தார். நின்றவர்களையும் கூப்பிட்டுக் காட்டினார். "இஞ்சை வந்து பாருங்கோ. சந்தனம். குங்குமமும் கிடக்குது. பூ வைக்கேல்லையே ஐயா?"

பூ வைக்க இடம் இருக்கவில்லை என்ற உண்மையை நான் சொல்லவில்லை.

அவர் மேசை லாச்சியைத் திறந்து ஒரு அழிறப்பரை எடுத்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கொப்பியில் பென்சில் எழுத்தை அழிக்கிற அதே சாதாரண அழிறப்பர். தங்கப் பற்களை அதால் அழுத்தித் தேய்த்து, ஊதி, தன் கணினியில் பூட்டினார். திரை உடனே வெளிச்சமானது.

"கழட்டக்கூடிய சாமான் எண்டபடியால் தப்பினியள். உள்ளுக்கை ஒட்டியிருந்துதெண்டால் முழுப் பெட்டியையும் எல்லோ எறிஞ்சிருக்கவேணும்!"

என் கட்சியின் ஆகச் சிறந்த வாதத்தை எதிர்க்கட்சியே எடுத்துத் தந்துவிட்டது. வெற்றி வீரனாக வீடு திரும்பினேன். உள்ளுக்குள் ஒட்டியிருந்தால் அதற்கு நான் சந்தனமே பூசியிருக்கமாட்டேன் என்பது சுன்னாகத்தைத் தாண்டிய பிறகுதான் உறைத்தது.

அன்று பின்னேரம் கடல் வந்தது.

இதை எப்படிச் சொல்வது? சீமெந்து நிலம் இருந்த இடத்தில் தண்ணீர் மூச்சு விட்டது. அலை தூரத்திலேயே தோளை உயர்த்தி, தன் முதுகில் சின்னச் சின்ன அலைகளை ஏற்றிக்கொண்டு, படகைத் தூக்கி மற்றப் பக்கம் இறக்கியது. வெயில் அலையின் மெல்லிய உச்சிக்குள்ளால் பச்சையாக வந்தது. நுரை உடனே மறையவில்லை, கொஞ்ச நேரம் கோடு கோடாகக் கிடந்து இழுபட்டுப் போனது. இந்த ஒவ்வொரு துளியிலும் வெளிச்சம் எங்கே பட்டு எங்கே முறியும் என்று அந்தச் செங்கல் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் ஒருமுறை இமைப்பதற்குள் அத்தனையையும் அழித்து, திரும்பவும் முதலிலிருந்து கீறியது. மனிதர் செய்த சாமான்களில் இவ்வளவு பாடுபட்டு, இவ்வளவு அலட்டிக்கொள்ளாமல் இருப்பது வேறொன்றை நான் கண்டதில்லை. விசிறிகள் மட்டும் மெல்ல இரைந்தன.

மச்சான் கதிரையை முன்னுக்கு இழுத்தார். பிறகு ஒரே ஒரு சொல் சொன்னார்.

"சோளகம்."

"என்ன?"

"காத்து. உந்த அலை வாற விதத்தைப் பாரும். உது சோளகக் காத்துக்கு எழும்புற கடல்." திரையில் ஒரு இடத்தை விரலால் தொட்டார். "உதைச் செய்தவன் எந்த ஊர்க்காரன் எண்டு எனக்குத் தெரியாது. ஆனால் கடல் பாத்தவன்."

அந்த வார்த்தையைக் கார்டைச் செய்தவர்களும் விளையாட்டைச் செய்தவர்களும் கேட்டிருக்கவேண்டும். அவர்களுக்கு அதற்கு மேல் ஒரு பரிசு கிடைக்கப் போவதில்லை.

நான் சுக்கானை அவரிடம் கொடுத்தேன். ஓட்டினார். ஒரு பெரிய அலையில் ஏறி இறங்கினார். அடுத்ததிலும் ஏறினார். பிறகு எழும்பிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். ஓங்காளித்துச் சத்தி எடுக்கிற சத்தம் கேட்டது.

திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. சத்தியால் மட்டும் வெளுத்த முகம் அல்ல அது. புயலுக்குள் போய் வந்த நாளிலும் கடலில் சத்தி எடுத்ததில்லை என்பது அவருடைய ஒரே பெருமை. "என்ரை உடம்புக்குக் கடல் ஒத்துவரேல்லை மச்சான்," என்றார். "முடிஞ்சுது." சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

எனக்குக் காரணம் தெரியும். ஆடுகிறாய் என்று கண் சொல்கிறது, ஆடவில்லை என்று உடம்பு சொல்கிறது. அந்தச் சண்டையில்தான் வயிறு பிரட்டும். சாமான் எவ்வளவுக்கு நன்றாகக் கீறுகிறதோ, அவ்வளவுக்கு அது கூடும். சீமெந்து நிலத்தைப் பார்த்து யாரும் சத்தி எடுப்பதில்லை. சொல்லப் போனவனை மனைவி கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"சொல்லாதேங்கோ. அவர் அப்பிடியே நினைக்கட்டும். இனிப் போகமாட்டார்தானே."

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. விளக்கத்தை அடக்கிக்கொண்டு கணினியை நிறுத்தினேன். ஆனால் அடுத்த நாள் மச்சான் எழும்பவில்லை. தேத்தண்ணி ஆறிப்போனது. மத்தியானச் சோறு மூடியபடியே கிடந்தது. மாத்திரையைக் கொண்டுபோய் நீட்டியபோது, "இனி ஏன்?" என்றார். பையை எடுத்துக்கொண்டு பஸ் தரிப்புக்குப் போன மனிதர் எவ்வளவோ மேல். மனைவி அறை வாசலில் சற்று நேரம் நின்றாள். பிறகு வந்து என் முதுகில் ஒரு தள்ளுத் தள்ளினாள்.

"போய்ச் சொல்லுங்கோ, உங்கடை விஞ்ஞானத்தை."

சொன்னேன். அவர் சுவரைப் பார்த்தபடியே கேட்டார். முடிந்ததும் திரும்பினார்.

"அப்ப, உடம்பிலை பிழையில்லை. கதிரை ஆடாததுதான் பிழை."

"ஓம்."

"அதை முதலே சொல்லுறதுக்கென்ன?"

எழும்பி, மாத்திரையை விழுங்கி, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே போனார். பக்கத்து வீட்டுப் புகையிலைத் தோட்டக்காரரிடமிருந்து உழவு இயந்திரச் சில்லின் பழைய ரியூப் ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். அதை அரைவாசி காற்றடித்து, முன்னறை நிலத்தில் போட்டு, மேலே பலகை வைத்து ஏறி இருந்தார். திரையில் அலை எழும்பியபோது ரியூபில் அவரும் எழும்பினார். அலை சரிந்தபோது சரிந்தார். முதல் அலை, இரண்டாவது அலை, பிறகு நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். வயிறு பிரட்டவில்லை.

ரியூபின் சொந்தக்காரர் தன் சாமானுக்கு என்ன நடக்கிறது என்று பார்க்க வந்து, யன்னலடியில் நின்றார்.

"அண்ணை, உதிலை இருந்து எங்கை போறியள்?"

"வாரும். இடமிருக்கு."

"வேண்டாம், எனக்குக் கத்தரிக்குத் தண்ணி விடக் கிடக்குது."

அதற்குப் பிறகு மச்சானுக்கும் கார்டுக்கும் சண்டை ஒரே ஒருமுறைதான் வந்தது. இப்போது வருகிற கார்டுகளில் ஒரு புது வித்தை உண்டு. எல்லாப் படத்தையும் கீறிக்கொண்டிராமல், ஒன்றைக் கீறி, அடுத்ததைக் கீறி, இடையில் என்ன இருந்திருக்கும் என்று தானே ஊகித்து நிரப்பிவிடும். அசைவு வழுக்கிக்கொண்டு போகும். பெருமையாக விளக்கினேன்.

"நிப்பாட்டும் அதை. கடலிலை ஊகிச்சு ஓடினவனெல்லாம் கரைக்கு வரேல்லை."

நிறுத்தினேன். கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருந்துவிட்டு, தானே மறுபடி தொடங்கினார்.

"நாங்களும் ஒரு அலையைப் பாத்து அடுத்ததை ஊகிக்கிறதுதான். இல்லையெண்டில்லை. ஆனால் நாங்கள் பிழைச்சால் நாங்கள் நனைவம். உது பிழைச்சால் ஆர் நனையிறது?"

கிராபிக்ஸ் கார்டின் எதிர்காலத்தைப் பற்றி நான் வாசித்த கட்டுரைகள் எதிலும் இந்தக் கேள்வி இல்லை. அவை வேகத்தைப் பற்றியும் சூட்டைப் பற்றியும் பேசுகின்றன. ஒருநாள் எல்லாம் ஒரே சிப்புக்குள் ஒடுங்கும் என்கின்றன சில. எல்லாம் எங்கோ தூரத்தில் நடந்து வயரில் வரும் என்கின்றன சில. முக்கால்வாசி ஊகமாகவே இருக்கும், கண் கண்டுபிடிக்காது என்று சமாதானம் சொல்கின்றன இன்னும் சில. எல்லாமே நடக்கலாம். சத்தக் கார்டைப் போல இதுவும் ஒருநாள் லாச்சிக்குள் போகலாம். அந்த நாளில் என் முன்னறையில் விசிறிச் சத்தம் இருக்காது, இடமும் மிச்சம். ஆனால், ஒரு சாமான் தன் ஒரே வேலையைத் தலையில் போட்டுக்கொண்டு, தனியாக நின்று, வேர்த்து, முழுதாகச் செய்து முடிப்பதைப் பார்க்கிற சந்தோசம் இருக்கிறதே, அதை எந்தச் சிப்புக்குள் ஒடுக்குவார்கள் என்று தெரியவில்லை. இடையில் கரண்ட் நின்ற பொழுதுகளில் மச்சான் ரியூபில் இருந்து இறங்குவதில்லை. கறுப்புத் திரைக்கு முன்னால், கரண்ட் வரும்வரை, சாடையாக ஆடிக்கொண்டே இருப்பார். அந்த நேரத்திலும் கடலைக் கீறியது யார் என்று நான் கேட்கவில்லை.

கிளினிக் நாள் வந்தது. டொக்டர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, இனிக் கடலுக்குப் போகலாம், சுக்கான் மட்டும் பிடிக்கவேண்டும், வலையில் கை வைக்கக்கூடாது என்றார். மச்சான் வெளியே வந்து என் தோளில் ஒரு அடி போட்டார். அவருடைய சமுதாயத்தில் அதற்குப் பெயர் நன்றி. எனக்கு அது ஒரு கிழமை நொந்தது.

நானே அவரைக் கூட்டிக்கொண்டு வடமராட்சிக்குப் போனேன். கரையில் படகு கவிழ்த்தபடி கிடந்தது. மச்சான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதைத் தடவிப் பார்க்கப் போய்விட்டார். அக்கா எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். கதிரையில் வசதியாகச் சாய்ந்துகொண்டேன். இந்தத் தருணத்துக்காகத்தானே வந்தேன்! தனிக் கார்ட் என்றால் என்ன, அதை ஏன் உலகம் கைவிடப் பார்க்கிறது, நான் ஏன் கைவிடவில்லை, அது கீறிய சோளகக் கடல் ஒரு மனிதரை எப்படித் தரையில் பிடித்து வைத்து உயிர் காத்தது என்று வரிசையாக எடுத்துச் சொன்னேன். சந்தனத்தை மட்டும் விட்டுவிட்டேன்.

அக்கா முழுவதையும் கேட்டார். அக்காவின் சொந்தத் தமையன் அப்போது ஒழுங்கையால் வந்துகொண்டிருந்தார். தோளில் மச்சானுடைய எஞ்சின் இருந்தது. அக்கா எழும்பி அவருக்குப் படலையைத் திறந்துவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"அது சரி தம்பி, உங்கடை கார்ட் நல்ல சாமானாய்த்தான் இருக்கும். ஆனால் இவரை உங்களிட்டைக் கொண்டுவந்து விட்ட அண்டைக்கே நான் போட்டிலை இருந்த எஞ்சினைக் கழட்டி அண்ணை வீட்டை குடுத்திட்டன். ஒருத்தரும் இவரைத் தங்கடை போட்டிலை ஏத்தக்கூடாதெண்டும் கரை முழுக்கச் சொல்லி வைச்சனான். இவர் வந்திருந்தாலும் எதிலை போறது? தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ."